கொசுறாக வந்த சிஸ்டம்

இரண்டாயிரங்களில் ஓசூர்க்காரர்கள் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றால் பெரும்பாலும் சென்னைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் எங்கேயோ இருக்கிறது. பெங்களூர் நாற்பதே கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, சிட்டி மார்க்கெட்டில் இறங்கி நடந்தால் எஸ்.பி. ரோடு. மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, கேபினெட் இன்னொரு கடை என்று பேரம் பேசி, சாயங்காலம் மானிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பலாம்.

அந்த பேரத்தில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மவுஸுக்கு உண்டு. மவுஸை வைக்கிற அட்டைக்கும் உண்டு. ஒன்றே ஒன்றுக்குத்தான் விலையும் கிடையாது, ரசீதில் வரியும் கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டம். 'அப்படியே விண்டோஸ் போட்டுக் குடுத்துடுங்கண்ணா' என்றால் போதும். 'அண்ணா' தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் செல்லுபடியாகிற வார்த்தை என்பதால் மொழிப் பிரச்னையும் இல்லை. காய்கறி வாங்கிய பைக்குள் கடைசியாக ஒரு கொத்து கறிவேப்பிலை விழுமே, அந்த மாதிரி விண்டோஸ் விழும். திருட்டு நகல்தான். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. கொசுறுக்கு யாராவது கணக்குக் கேட்பார்களா?

ஆக, ஒரு குடும்பத்தின் முதல் கம்ப்யூட்டருக்கு எந்த ஓ.எஸ். என்ற கேள்வியே எழாமல் போய்விட்டது. எழாத அந்தக் கேள்விக்கு தமிழக அரசு 2011-ல் ஒரு பதில் சொன்னது. அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் பிரித்துப் பார்க்கப் போகிறோம். ஒரு சினிமாவை, ஒரு நாவலை விமர்சிக்கிற மாதிரி இதையும் விமர்சித்துவிட வேண்டும். ஏனென்றால் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போன படைப்பு இது. எந்த நாவலுக்கும் அந்த பாக்கியம் கிடைத்ததில்லை.

அதற்கு முன்னால், ஓ.எஸ். என்றால் என்ன என்று கேட்கிற வாசகர்களுக்கு. பாடப்புத்தகம் 'இயக்க அமைப்பு' என்கிறது, 'இயங்குதளம்' என்றும் சொல்வார்கள். ஓசூர் பாஷையில் சொன்னால் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எந்த மெஷினில் யார் நிற்பது, யாருக்கு எவ்வளவு சரக்கு, எது முதலில், எது அப்புறம் என்று கத்திக்கொண்டே இருப்பாரே, அவர். அவர் இல்லாவிட்டால் கோடி ரூபாய் மெஷினும் வெறும் இரும்பு. எந்த சூப்பர்வைசர் வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஷிஃப்டில் என்ன வேலை நடக்கும், யார் உள்ளே வரலாம் என்பதெல்லாம் முடிவாகும்.

ஆரம்ப காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்தத் தேர்வு கிடையாது. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு பி.பி.சி. மைக்ரோ கொடுத்ததே, அதில் சிஸ்டம் சிப்பிலேயே பொறித்து வந்தது. ஸ்விட்சைப் போட்டால் 'பேசிக்' வந்து நிற்கும். அவ்வளவுதான். வேண்டாம் என்றால் ஸ்விட்சை அணைக்கலாம்.

தேர்வு என்பது நிஜமாக வந்தது 1981 ஆகஸ்டில், ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தபோது. மூன்று ஓ.எஸ். உண்டு, பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. ஒன்று மைக்ரோசாஃப்ட் தந்த டாஸ். இரண்டாவது, கேரி கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் தந்த சி.பி.எம்-86. மூன்றாவது பி-சிஸ்டம் என்று பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒன்று. ஐ.பி.எம். ஆட்கள் தேடி வந்த அன்று கில்டால் தன் விமானத்தை ஓட்டிக்கொண்டு ஆகாயத்தில் இருந்தார், அதனால்தான் உலகத்தைக் கோட்டைவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சொல்வதற்கு சுவாரஸ்யமான கதை. ஆனால் ஒரு பி.காம். படித்தவனின் கண் விலைப்பட்டியலுக்குத்தான் போகும். டாஸ் 40 டாலர். சி.பி.எம்-86 விலை 240 டாலர், அதுவும் சில மாதம் தாமதம். கில்டால் அன்றைக்கு ஆகாயத்தில் இருந்தால் என்ன, ஆபீஸில் இருந்தால் என்ன? 200 டாலர் வித்தியாசத்தில் விஷயம் முடிந்துவிட்டது. கடையில் மூன்று பெயர் இருந்தது, வாங்கினவர்கள் கையில் ஒன்றுதான் இருந்தது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் தேர்வு ஆகிவிடாது. 2011-க்கு வருவோம்.

*

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் என்று ஐந்தாண்டில் 68 லட்சம் பேர் இலக்கு. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது என்ன மாதிரியான விஷயம் என்பதை யோசித்துப் பாருங்கள். 2004 பிப்ரவரியில்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. ஒரு முனையில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று சிப்காட். கொஞ்ச தூரத்திலேயே தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்கள். சிப்காட் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் எப்போதோ வந்துவிட்டது. அஞ்செட்டிப் பக்கத்தில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அரசாங்கம் கொடுத்ததுதான். டெண்டரில் எழுதப்பட்ட ஒரு வரி, அந்த வீட்டுப் பிள்ளை எந்த ஓ.எஸ்.ஸில் முதன்முதலாகக் கண் விழிக்கும் என்பதை முடிவு செய்தது.

அந்த வரி சொன்னது: இரண்டும். முதல் சுற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் எடிஷன், கூடவே பாஸ் லினக்ஸ். 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம்தான் பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவாகி, 2007-ல் வெளிவந்தது. டெபியன் லினக்ஸை எடுத்து, இந்திய மொழிகளை உள்ளே வைத்துத் தைத்த சட்டை.

லினக்ஸ் அந்த டெண்டருக்குள் திடீரென்று குதித்துவிடவில்லை. இரண்டாயிரங்களின் நடுவில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தன் நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியவர். அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் லைசென்ஸ் பணம் கட்டாமல் நடக்க முடியும் என்று வாதாடியவர். அவர் போன பிறகும் அந்த வாதம் கோப்புகளுக்குள் எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறது. கொசுறாக மட்டுமே ஓ.எஸ். பார்த்த ஒரு மாநிலத்தில், அரசு ஒரே பெட்டியில் இரண்டு சூப்பர்வைசர்களை அனுப்பி 'உனக்கு யார் வேணுமோ வச்சுக்கோ' என்றது சாதாரண விஷயம் இல்லை. இந்தப் பாராட்டைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்துவிட்டு மேலே போகலாம்.

*

முதலில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்.

மைக்ரோசாஃப்ட் இதைச் செய்ததே சின்னச் சின்ன நெட்புக்குகளுக்காகவும், ஏழை நாட்டுச் சந்தைகளுக்காகவும். இதற்கு முந்தைய எக்ஸ்.பி. ஸ்டார்ட்டரில் ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்க முடியாது. ஏழைக்கு மூன்று வேலை போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். 7 ஸ்டார்ட்டரிலும் அந்தக் கட்டுப்பாட்டை வைக்கத்தான் இருந்தார்கள். 2009-ல், வெளியிடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்றை எடுக்கவில்லை. வால்பேப்பரை மாற்ற முடியாது.

சிரிக்காதீர்கள். பதினேழு வயதுப் பையனுக்குக் கம்ப்யூட்டர் கையில் கிடைத்தால் முதல் நாள் ராத்திரி என்ன செய்வான்? 'எக்ஸெல்' திறந்து வரவு செலவா போடுவான்? விஜய் படத்தையோ அஜித் படத்தையோ திரை முழுக்க ஒட்டுவான். இது என் வீடு, இது என் சுவர் என்று சொல்லிக்கொள்கிற முதல் காரியம் அது. அந்த ஆணியை அடிக்கக்கூடாது என்றது ஸ்டார்ட்டர். வாடகை வீட்டுக்காரர் மாதிரி.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. பையன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போவான். 'அண்ணா, வால்பேப்பர் மாத்தணும்.' கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஃபார்மேட் அடித்து, விண்டோஸ் 7 அல்டிமேட்டின் திருட்டு நகலை ஏற்றிக் கொடுப்பார். ஏற்றும்போது கம்ப்யூட்டரின் வாசற்படியில் இருந்த, 'விண்டோஸா, பாஸா' என்று கேட்கிற பட்டியல் அழிந்துபோகும். விண்டோஸை மறுபடி நிறுவினால் அதன் சுபாவம் அது. வாசலில் தன் பெயர்ப்பலகையை மட்டும்தான் மாட்டும். பாஸ் ஹார்ட் டிஸ்க்கில் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாலும் வெளியே வர வழி கிடையாது. பல கடைகளில் 'அது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு' என்று அந்த மூலையையும் சேர்த்தே துடைத்துவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாஸ் லினக்ஸில் வால்பேப்பரைத் தாராளமாக மாற்றலாம். ரைட் கிளிக் செய்தால் போதும். அதை அந்தப் பையனுக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால் அவன் கடைக்கே போயிருக்க மாட்டான்.

*

இப்போது பாஸ்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். லைசென்ஸ் காசு கிடையாது. பென் டிரைவ் வழியாக ஊர் முழுக்கப் பரவிய விண்டோஸ் வைரஸ்கள் இதை அண்டவில்லை. தமிழில் மெனு, தமிழில் தட்டச்சு. விண்டோஸிலும் 2000-ம் வருடப் பதிப்பிலிருந்தே தமிழ் உண்டு என்றாலும், மெனுவைத் தமிழாக்க ஒரு தனித் தொகுப்பை இறக்கிப் போட வேண்டும். பாஸில் அது உள்ளேயே இருந்தது. அதோடு தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம். ஓசூருக்கு இது பெரிய விஷயம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், வேலையில் இங்கிலீஷ் என்று நான்கு மொழியில் ஒரு நாளை ஓட்டுகிற ஊர் இது. இந்த ஊருக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது பாஸ்.

குறை என்ன? கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் இதை உபயோகிக்கப் போகிற வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்கள் இல்லை. 2011-ல் ஒரு சாதாரண வீட்டுக்கு இன்டர்நெட் எப்படி வந்தது? கேபிள் இல்லை, வைஃபை இல்லை. கட்டைவிரல் சைஸில் யு.எஸ்.பி. டேட்டா கார்டு. அதைச் சொருகினால் உள்ளேயிருந்து ஒரு மென்பொருள் எட்டிப் பார்க்கும், 'இன்ஸ்டால்' என்று கேட்கும். பெரும்பாலும் அது விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. லினக்ஸில் சொருகினால் அந்தக் கார்டு தன்னை ஒரு சி.டி. என்று அறிமுகப்படுத்திக்கொண்டு சும்மா இருக்கும். அதை மோடமாக மாற்ற வழி உண்டுதான். ஆனால் அந்த வழியைக் கண்டுபிடிக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கு அந்தக் கார்டு வேண்டும்! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.

இதற்கு பாஸ் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. கார்டு விற்றவர்கள் லினக்ஸை ஒரு வாடிக்கையாகவே மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியோடு ஒரே ஒரு தாள், 'டேட்டா கார்டு வேலை செய்ய இந்த நாலு வரியைத் தட்டு' என்று தமிழில் அச்சடித்துக் கொடுத்திருந்தால்? காலணாக் காரியம். அதைச் செய்ய யாரும் இல்லை.

*

இதெல்லாம் சில்லறைக் குறை. உண்மையான அதிர்ச்சி பாடப்புத்தகத்தில் இருந்தது.

அந்த வருடங்களில் பிளஸ் டூ கணிப்பொறி அறிவியல் புத்தகம் இரண்டு தொகுதி. முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ். கடிதம் எழுத, கணக்குப் போட, படம் காட்ட. ஸ்டார் ஆபீஸ் யாருடைய வம்சம்? 2000-ல் சன் நிறுவனம் அதன் மூல நிரலை உலகத்துக்குத் திறந்துவிட, அதிலிருந்து பிறந்தது ஓப்பன் ஆபீஸ். அதிலிருந்து 2010-ல் பிரிந்தது லிப்ரே ஆபீஸ். பாஸ் லினக்ஸோடு இலவசமாக வருவது இந்த வம்சம்தான். அதாவது, பாடப்புத்தகத்தின் முதல் தொகுதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பயிற்சி செய்ய ஏறத்தாழ அதே மெனு, அதே பட்டன்களோடு ஒரு மென்பொருள் அந்த மடிக்கணினியின் இன்னொரு பாதியில் தயாராகக் காத்திருந்தது. மாணவன் விண்டோஸ் பாதியில் உட்கார்ந்து, எம்.எஸ். ஆபீஸின் திருட்டு நகலைத் தேடிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தொகுதி சி பிளஸ் பிளஸ். நியாயமாக இதுவும் லினக்ஸின் கோட்டை. கம்பைலர் கைக்கெட்டும் தூரத்தில், இலவசமாகக் கிடைக்கும். ஆனால் புத்தகத்து நிரல்கள் எல்லாம் டர்போ சி பிளஸ் பிளஸ் காலத்து நடையில் எழுதப்பட்டவை. முதல் வரியில் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்', அடுத்து 'கோனியோ டாட் ஹெச்', திரையைத் துடைக்க 'கிளியர் ஸ்கிரீன்'. இதையெல்லாம் லினக்ஸின் புதிய கம்பைலரில் கொடுத்தால் முதல் வரியிலேயே 'இப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிடும். அந்த மொழியின் இலக்கணம் 1998-லேயே திருத்தப்பட்டுவிட்டது. புத்தகத்துக்குச் சேதி வரவில்லை. சரி, விண்டோஸிலாவது ஓடியதா? டர்போ என்பது டாஸ் காலத்துச் சரக்கு. விண்டோஸ் 7-ல் முழுத்திரைக்கு வராது. ஒரு சின்ன ஜன்னலுக்குள் முடங்கிக் கிடக்கும். இல்லாவிட்டால் 'டாஸ்பாக்ஸ்' என்ற இன்னொன்றைத் தேடிப் போட வேண்டும்.

ஆக, ஒரே பாடத்தின் முதல் தொகுதி பாஸ் பக்கம். இரண்டாம் தொகுதி 1981-ல் 40 டாலருக்கு விற்ற டாஸின் பேரப்பிள்ளைகள் பக்கம். மாணவனின் கண் விண்டோஸ் பக்கம். பாடப்புத்தகம் எழுதியவர்களும், மடிக்கணினிக்கு டெண்டர் எழுதியவர்களும், லினக்ஸ் செய்தவர்களும் ஒரே மாநிலத்தில், ஒரே நகரத்தில்தான் இருந்தார்கள். ஒரு மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

*

'அட போங்க சார், லினக்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா?' இது ஓசூர் அப்பாக்களின் கேள்வி. அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. சிப்காட்டுக்குள்ளும் சிட்கோவுக்குள்ளும் இருக்கிற சின்னச் சின்னப் பட்டறைகளில் ஆபீஸ் அறைக்குப் போனால் டேலி. டிசைன் மேஜைக்குப் போனால் ஆட்டோகேட். இரண்டும் விண்டோஸில் ஓடுகிறவை. ஐ.டி.ஐ. முடித்தவனுக்கும் பி.காம். முடித்தவளுக்கும் முதல் சம்பளம் அங்கேதான். விண்டோஸ் தெரியாத பிள்ளையை அந்த வாசலில் நிற்கவைப்பது எந்தக் கொள்கையின் பேரிலும் நியாயமில்லை.

ஆனால் ஓசூருக்கு இன்னொரு வாசலும் உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே கண்ணாடிக் கட்டடங்களுக்குள் இருக்கிற சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பெரும்பகுதி லினக்ஸ். அந்த வேலைக்குப் போகிறவர்கள் காசு கட்டி, கோர்ஸ் படித்து, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அஞ்செட்டிப் பெண்ணுக்கு அந்தக் கறுப்புத் திரை பிளஸ் டூவிலேயே வீட்டுக்கு இலவசமாக வந்துவிட்டது. அவளுக்கு அது தெரியாது. இரண்டு வாசலுக்கும் சாவி ஒரே பெட்டியில் இருந்தது. ஒரு சாவி எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் அதை எடுத்துக் குப்பையில் போட்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார்.

இந்த இடத்தில் நம் லினக்ஸ் அன்பர்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவனைப் பாவம் செய்தவன் மாதிரி பார்ப்பார்கள். சுதந்திரம், மூல நிரல், ஏகாதிபத்தியம் என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். பேசுவதில் நிறைய உண்மையும் உண்டு. ஆனால் கெலமங்கலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு பிரின்டர் வேலை செய்யாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால், 'கூகுள் பண்ணிப் பாருங்க' என்பார்கள். சுதந்திரம் கொடுத்தவர்கள் வீட்டு விலாசம் கொடுக்கவில்லை.

ஒரு சாதாரண குடும்பம் ஓ.எஸ்.ஸைத் தேர்ந்தெடுப்பது விலை பார்த்தும் இல்லை, தரம் பார்த்தும் இல்லை, கொள்கை பார்த்தும் இல்லை. பக்கத்துத் தெருப் பையனுக்கு எது தெரியுமோ, அதுதான் அந்த வீட்டின் ஓ.எஸ். எஸ்.பி. ரோட்டு அண்ணாவுக்கு விண்டோஸ் தெரியும், நமக்கு விண்டோஸ். அவருக்கு லினக்ஸ் தெரிந்திருந்தால் பாதி ஓசூர் லினக்ஸில் ஓடியிருக்கும்.

நம்பிக்கை வராதவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளா 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கியது. அதுதான் 2017-ல் 'கைட்' என்ற பெயரில் நிறுவனமாக மாறியது. அவர்கள் முதலில் செய்தது ஆசிரியர்களுக்குப் பயிற்சி. மலையாளத்தில் பாடப்புத்தகம், அதே லினக்ஸில் செய்முறை, அதே லினக்ஸில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. புத்தகம், பெட்டி, பரீட்சை மூன்றும் ஒரே திசையில் பார்த்தன. நாம் அவர்களைவிட அதிகமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தோம், கையோடு எடுத்துப் போ என்றோம். அதில் நமக்குத்தான் பெரிய மனசு. சொல்லிக்கொடுக்கிற விஷயத்தில் அவர்களுக்கு.

*

பழங்கதை இப்போது எதற்கு என்றால், கேள்வி மறுபடியும் வாசலுக்கு வந்திருக்கிறது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. இரண்டு மாதம் கழித்து மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிக்கூடம் செல்போனுக்குள் போனபோது, பல வீட்டுப் பரணில் ஓர் இலவச மடிக்கணினி வைரஸோடும் வயோதிகத்தோடும் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பி ஓட்டக்கூடிய லேசான லினக்ஸ்கள் உண்டு. எழுப்பத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றைப் பார்த்து 'உனக்கு வயசாயிடுச்சு' என்கிறது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ரிட்டயர்மென்ட் மட்டும் கட்டாயம்.

இன்னொரு பக்கம், ஓ.எஸ். என்றால் என்ன என்றே கேட்காமல் ஊரே லினக்ஸுக்கு மாறிவிட்டது. கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கருதான். ஓசூர் பக்கத்தில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கு உதிரி பாகம் செய்யும் பெண்களின் பையில் பெரும்பாலும் இருப்பது ஆண்ட்ராய்டு. அதையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. விலை தேர்ந்தெடுத்தது, 1981 மாதிரியே.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தரும் திட்டத்தை அறிவித்தது. முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். இது நல்ல செலவு. ஆனால் 2011-ன் பாடத்தைச் சேர்த்துப் படித்தால் இன்னும் நல்ல செலவு. பெட்டிக்குள் எத்தனை சிஸ்டம் என்பதைவிட, பெட்டியைத் திறந்த பிறகு என்ன என்பதைத்தான் பேச வேண்டும். பாடத்திட்டத்துச் செய்முறை அந்தப் பெட்டியிலேயே ஓடுகிறதா என்று அனுப்புவதற்கு முன்னால் ஒருவர் ஓட்டிப் பார்க்கட்டும். தமிழில் ஒரு சின்னப் புத்தகம். அழிந்தால் பழையபடி நிறுவிக்கொள்ள, கல்லூரிக்குச் சில பென் டிரைவ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பத்து ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு இரண்டு ரிப்பேர்க் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, ஒரு வாரம் சோறு போட்டு, லினக்ஸ் சொல்லிக்கொடுங்கள். இருபதே பேர். மடிக்கணினி செலவோடு ஒப்பிட்டால் பேப்பர் ஊக்கு வாங்கும் கணக்கு. அந்த இருபது பேர் போதும், இரண்டாவது சாவி குப்பைக்குப் போகாமல் இருக்க.

வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கேட்டால் சொல்ல ஒன்று இருக்கிறது. எந்த சிஸ்டம் உசத்தி என்று கடையில் கேட்காதீர்கள், விற்கிறவர் விற்பதைச் சொல்வார். உங்கள் பிள்ளை என்ன வேலைக்குப் போக ஆசைப்படுகிறது என்று வீட்டில் கேளுங்கள். டேலி, ஆட்டோகேட் என்றால் காசு கொடுத்து நல்ல விண்டோஸ் வாங்குங்கள், ரசீதோடு. சர்வர், நிரல் எழுதுவது என்றால் லினக்ஸ் போடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும் போடலாம், தாராளமாக இடம் இருக்கிறது. எதுவானாலும், கெட்டுப்போனால் கூப்பிட ஒரு ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஆள் உங்கள் தெருவில் இல்லையென்றால், உங்கள் பிள்ளையையே அந்த ஆளாக்கிவிடலாம். தெருவுக்கே உபயோகம்.